குடும்பத்தோடு பனிச்சறுக்கு: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் ஜப்பானின் ஹொக்கைடோவை வைத்தே போகும். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

எங்கே போறது நல்லது? காஷ்மீர் பக்கம்னு ஒருத்தர் சொல்றாரு, சுவிஸ்தான் அழகுன்னு இன்னொருத்தர் சொல்றாரு.

முதல் தடவை, அதுவும் பிள்ளைகளோடு என்றால் ஹொக்கைடோ. கோலாலம்பூரிலிருந்து நியூ சித்தோசே விமான நிலையத்துக்கு ஏர் ஏசியா எக்ஸ் நேராகப் பறக்கிறது. ஏறத்தாழ எட்டு மணி நேரம். அங்கிருந்து பனிச்சறுக்குத் தலமான நிசெக்கோவுக்குப் பேருந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். நிசெக்கோவில் ஆங்கிலம் பேசும் ஆசிரியர் எளிதாகக் கிடைப்பார், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். சப்போரோ நகரில் தங்கி, 1972 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த தெய்னே மலைக்குப் பகலில் போய் வருவது கைக்கு அடக்கமான வழி.

காஷ்மீரின் குல்மார்க் அருமையான மலைதான். ஆனால் அடிவாரமே 2,650 மீட்டர். கேபிள் காரின் மேல் நிலையம் 3,900 மீட்டருக்கும் மேலே. 2,500 மீட்டர் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். நம் ஊர்ச் சமவெளியிலிருந்து போய் மறுநாளே உச்சிக்கு ஏறுவது பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆகாது. ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலைகளுக்கு விமானச் செலவே பெரிது. மூன்றே நாள் சறுக்கப் போகிறவர்கள் அந்தப் பணத்தை ஆசிரியருக்குக் கொடுத்தால் பிள்ளைகள் உண்மையிலேயே சறுக்கக் கற்றுக்கொள்வார்கள்.

நம்ம கோர்பு மலையே 2,183 மீட்டர். நிசெக்கோ மலை 1,308தானாமே? அங்க மட்டும் எப்படி அவ்வளவு பனி?

பனிக்கு உயரம் மட்டும் போதாது. நாம் பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகைக்குள் இருக்கிறோம். நிசெக்கோ 43 பாகை வடக்கே. கோர்பு உச்சி கேமரன் மலையைவிடக் கொஞ்சம் குளிர், அவ்வளவுதான். ஹொக்கைடோவில் குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து உறைகாற்று வீசுகிறது. ஜப்பான் கடலைக் கடக்கும்போது அது ஈரத்தை வாரிக்கொண்டு, முதலில் எதிர்ப்படும் மலைகளில் கொட்டிவிடுகிறது. ஒரு பருவத்தில் நிசெக்கோவில் ஏறக்குறைய 15 மீட்டர் பனி விழுவது வழக்கம்.

காற்று அவ்வளவு குளிராக இருப்பதால் விழும் பனி நனைந்த பனியல்ல, மாவு போல உலர்ந்தது. கையில் பிடித்தால் உருண்டையாகாது. விழுந்தால் அடி குறைவு. ஆனால் ஆழமான இடத்தில் விழுந்தால் எழுவதுதான் பாடு.

எந்த மாசம் போகலாம்? பள்ளி லீவு டிசம்பர்லதான் வருது.

டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் பனி போதாமல் சில சரிவுகள் மூடியிருக்கலாம். கிறிஸ்துமஸை ஒட்டிப் பனி சேர்ந்துவிடும், கூடவே விலையும் ஏறிவிடும். ஆழமான பனி ஜனவரி, பிப்ரவரி. சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அறை வாடகை உச்சத்தில் நிற்பது அப்போதுதான். மார்ச்சில் குளிர் தணிந்து, வெயில் அடித்து, விலையும் இறங்கும். புதிதாகப் பழகுபவருக்கு மார்ச் பனியே தாராளம்.

வீசா வேணுமா? எங்க பாட்டி இன்னும் சிவப்பு ஐசிதான்.

சில்லு பதித்த மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவாக ஜப்பானில் 90 நாள்வரை வீசா இல்லாமல் தங்கலாம். இந்தச் சலுகை கடப்பிதழுக்குத்தான், இங்கே வாழ்வதற்கல்ல. குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசியாக இருக்கும் சிவப்பு அடையாள அட்டைக்காரர் எந்த நாட்டுப் பயணப் பத்திரம் வைத்திருக்கிறாரோ அதன்படிதான் பார்ப்பார்கள். ஆகவே பாட்டியின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஜப்பான் தூதரகத்தில் கேளுங்கள், டிக்கெட் அப்புறம். எல்லாருக்கும் டிக்கெட் வாங்கிய பிறகு பாட்டியை மட்டும் விட்டுப் போகும் நிலை வேண்டாம்.

வருமான வரி பாக்கி, திவால் வழக்கு உள்ளவர்கள் பயணத் தடை இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையில் முன்கூட்டியே சரிபார்ப்பது நல்லது. இங்கிருந்து விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் போய் முகப்பில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியல்ல அது.

குளிர்ச் சட்டை ஆளுக்கு ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) சொல்றாங்க. பண்டல் கடையில வாங்கலாமா?

தாராளமாக. பண்டல் கடைகளில், அதாவது பழைய துணிக் கடைகளில், தொங்கும் பனிச் சட்டைகளில் பல ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்தவைதான். மூன்றைப் பாருங்கள். உள்பக்கப் பூச்சு செதில் செதிலாக உரிந்தால் நீர் உள்ளே வரும், வேண்டாம். சங்கிலிப் பல் (சிப்) கையுறை போட்ட கையாலும் இழுக்க வர வேண்டும். இடுப்பில் பனி புகாமல் தடுக்கும் ரப்பர் பட்டி இருந்தால் அதுவே பனிச்சறுக்குச் சட்டை. இல்லாவிட்டால் வெறும் குளிர்ச் சட்டை. வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். உருண்டு ஓடினால் நல்லது. புதிது வாங்குவதானால் நீர்த்தடை 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதை எடுக்கலாம்.

சட்டையும் கால்சட்டையும் மலையடிவாரத்தில் வாடகைக்கும் கிடைக்கும். கையுறை, கண்ணாடி, குல்லாய் ஆகியவை பெரும்பாலும் வாடகைத் தொகுப்பில் வராது, இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

ஜீன்ஸ் மேல ஜீன்ஸ், காலுறை மேல காலுறை போட்டா போதாதா?

இதுதான் அதிகம் கெடுக்கும் யோசனை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வியர்வையோ பனியோ பட்டால் ஜீன்ஸ் நனைந்து, உடல் சூட்டை இழுத்துவிடும். தோலை ஒட்டி கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ் (பஞ்சு போன்ற செயற்கைத் துணிச் சட்டை), எல்லாவற்றுக்கும் வெளியே நீர் புகாத சட்டை. மூன்று அடுக்கு போதும். சூடானால் நடு அடுக்கைக் கழற்றலாம்.

காலுறை ஒன்றே ஒன்று, முழங்காலுக்குக் கீழ்வரை நீண்டது. இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் வரும், இறுகி ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும். உள்ளாடையின் கால்பகுதியைக்கூட பூட்டுக்குள் (பனிச்சறுக்குக் காலணிக்குள்) விடாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடு.

வெப்பமானி −10 காட்டும் நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது −20 போலத்தான். லிஃப்ட் நாற்காலியில் அசையாமல் உட்காரும் பத்து நிமிடம்தான் விரைக்க வைக்கும். கழுத்தில் மாட்டும் துணியாலான கழுத்துக்குழலை மறக்காதீர்கள்.

செம்பனைத் தோட்டத்து ரப்பர் பூட்டு இருக்கே, அது போதுமா?

ஊருக்குள் நடக்க, ஒரு அளவு பெரிதாக எடுத்துக் கம்பளிக் காலுறையோடு, கொஞ்ச நேரம் பரவாயில்லை. நீர் புகாது, ஆனால் சூடு காக்காது, குளிரில் அடிப்பாகம் விறைத்து உறைபனியில் வழுக்கும். சப்போரோவின் சிறு கடைகளில் காலணிக்கு மாட்டும் முள் பட்டைகள் விற்பார்கள், வாங்கி மாட்டுங்கள். நடக்கும்போது சின்ன அடி, பாதம் தட்டையாக, கைகள் பைக்கு வெளியே.

வாடகைக் கடையில எடை கேக்குறாங்க. பத்து கிலோ குறைச்சுச் சொன்னா என்ன?

அடிபடும். சறுக்குப் பலகையில் பூட்டைப் பிடிக்கும் கருவி (பைண்டிங்), விழும்போது விட்டுவிடும்படி அமைக்கப்படுகிறது. எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்டின் அடி நீளம், அனுபவம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். எடையைக் குறைத்தால் வேண்டாத நேரத்தில் கழன்றுவிடும். அனுபவத்தைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாமல் முழங்காலைத் திருகிவிடும். வெட்கப்படுபவர்கள் எண்ணைத் தாளில் எழுதி நீட்டலாம்.

பூட்டின் அளவு சென்டிமீட்டரில், 26.5 என்றால் பாதம் 26.5 சென்டிமீட்டர். வீட்டிலேயே சுவரோரம் குதிகால் வைத்து எல்லாருடைய பாதத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்னே லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மேலெழும்பினால் பூட்டு பெரிது. கொக்கிகளில் கணுக்காலை ஒட்டியதை முதலில் இறுக்குங்கள், விரல் பக்கம் தளர்வாக விடுங்கள். பசியாறவோ சாப்பிடவோ உட்காரும்போது மேல் இரண்டையும் அவிழ்த்துவிடுங்கள். முதல் தடவைக்குப் பலகையின் நீளம் பெரியவருக்கு முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவே, பிள்ளைக்கு மார்புக்கும் முகவாய்க்கும் நடுவே இருந்தால் போதும்.

பிள்ளைக்கு எத்தனை வயசு ஆகணும்? நானே வீடியோ பார்த்துச் சொல்லிக் குடுத்துடறேன், ஆசிரியர் எதுக்கு?

நான்கு வயதிலிருந்து குழு வகுப்பில் சேர்க்கலாம். அதற்குக் கீழே விளையாட்டுதான். ஒரு நாளில் இரண்டு மணி நேரம் போதும். பசித்த பிள்ளையும் ஒன்றுக்கு வந்த பிள்ளையும் கற்காது. அத்தனை அடுக்கையும் கழற்ற நேரம் பிடிக்கும், வகுப்புக்கு முன்பே கழிவறைக்கு அழைத்துப் போங்கள்.

ஆசிரியர் செலவில் மட்டும் கைவைக்காதீர்கள். நீங்களே நிற்கத் தெரியாதபோது பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. தவிர, பெற்றோர் சொன்னால் அழும் பிள்ளை அந்நியர் சொன்னால் கேட்கும். இது எல்லா மலையிலும் உண்மை. புதியவர்கள் முழு மலைக்கான லிஃப்ட் டிக்கெட் வாங்கத் தேவையில்லை. முதல் நாள் தரையோடு நகரும் கம்பளப் பட்டையிலேயே கழியும்.

எப்படி நிக்கிறது? விழுந்தா எப்படி எழுந்திரிக்கிறது?

பலகை முனைகளை அருகருகே வைத்து, பின்பக்கத்தை அகற்றுங்கள். பிள்ளைகளுக்கு இதைப் பீட்சாத் துண்டு என்று சொல்லித் தருவார்கள். எவ்வளவு அகலமோ அவ்வளவு தடை. எல்லாரும் செய்யும் தவறு, பயந்து பின்னால் சாய்வது. சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் பாரம் இல்லாமல் போகும், திருப்ப முடியாது, வேகம் கூடும். முழங்கால் மடங்கி, கெண்டைக்கு முன்னாலுள்ள எலும்பு பூட்டின் நாக்கை அழுத்தியபடி இருக்கட்டும். கை முன்னே, கண் தூரத்தில்.

விழுவதென்றால் பக்கவாட்டில் உட்காருங்கள், கையை ஊன்றாதீர்கள். எழ, இரண்டு பலகையையும் உங்களுக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்காக வையுங்கள். மேலேயிருக்கும் கையால் பனியைத் தள்ளி எழுங்கள். முடியாவிட்டால் குதிகால் பின்னுள்ள நெம்புகோலை அழுத்தி ஒரு பலகையைக் கழற்றி எழலாம். திரும்ப மாட்டும்போது கீழ்ப்பக்கக் காலுக்கு முதலில். பூட்டின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டாவிட்டால் ‘கிளிக்’ சத்தம் வராது. வராவிட்டால் மாட்டவில்லை என்று பொருள்.

சோறு இல்லாம பெரியவங்க இருக்க மாட்டாங்க. ரைஸ் குக்கர், சம்பல், கருவாடு எல்லாம் கொண்டுபோகலாமா?

ரைஸ் குக்கரை விட்டுவிடுங்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 240. மின்னழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கினால் சூடு ஆறில் ஒரு பங்காகும். 400 வாட் குக்கர் 70 வாட்டில் திணறும், அரிசி ஊறிக் கஞ்சியாகும். அங்கே வாங்கிய குக்கரை இங்கே சொருகினால் நேர்மாறு, புகைந்துவிடும். தொலைபேசி சார்ஜரில் 100–240 என்று போட்டிருந்தால் சிக்கல் இல்லை; இரண்டு தட்டை முள் உள்ள மாற்றி ஒன்று போதும். சமையலறை உள்ள அறையை எடுத்தால் குக்கர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. கோழி, ஆட்டிறைச்சி சேர்த்த சம்பல், சொசேஜ், செருண்டிங் (பொரித்த இறைச்சித் துருவல்) எல்லாம் பிடிபடும், அபராதமும் உண்டு. பச்சைக் கருவேப்பிலை, பழம், அரிசி ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். கடையில் அடைத்து விற்கும் மசாலாத் தூள் பொட்டலங்கள் போதும். அரிசியும் முட்டையும் காய்கறியும் அங்கே பேரங்காடியில் வாங்கலாம்.

வெள்ளிக்கிழமை சைவம் பார்ப்பவர்கள், மாட்டிறைச்சி தொடாதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காய்கறி நூடில்ஸ் என்று வாங்கினாலும் அதன் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். ஜப்பானியக் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள். அந்த ஒரு நாள் அறையில் ரசம் வைத்துவிடுவதே நிம்மதி.

தாலி, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழட்டணுமா?

வளையலைக் கழற்றுங்கள், கையுறை இறங்காது, விழுந்தால் வெட்டும். தாலியை உள்ளாடைக்குள் விட்டால் சூடாகவே இருக்கும். மூக்குத்தியும் தோடும் உலோகம், காற்றில் சில்லென்று சுடும். கழுத்துக்குழலை மூக்குவரை இழுத்துவிட்டால் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பாட்டிலில் இருந்து வராது. அகன்ற வாய் டப்பாவில் கொண்டுபோங்கள்.

முகத்துக்கு எண்ணெய் மட்டும் தடவினால் கருகிவிடும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். எஸ்பிஎஃப் 50 வெயில் காப்புப் பூச்சைத் தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழும் பூசுங்கள். கருத்த தோலுக்கு வேண்டாம் என்பது தவறு.

அப்பாவுக்கு இனிப்புநீர். ஊசி போடறாரு. வரலாமா?

மருத்துவர் சரியென்றால் வரலாம். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், உருகினாலும் பயன்படாது. அதைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பக்கூடாது. மலையில் உள்சட்டைப் பையில், உடம்போடு. சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தவறாகக் காட்டும் அல்லது நின்றுவிடும். உள்ளே வந்து கருவி சூடான பிறகு பாருங்கள். சறுக்கும் உழைப்பில் சர்க்கரை இறங்கும். படபடப்பும் நடுக்கமும் குளிரால் வந்தவை என்று நினைத்து விட்டுவிடுவது ஆபத்து. பையில் இனிப்பு இருக்கட்டும். கால் மரத்துப்போகும் நோயாளிகள் பூட்டு கடிப்பதை உணர மாட்டார்கள். மணிக்கொருமுறை கழற்றிப் பாருங்கள்.

மருந்து ஒரு மாத அளவுக்குள், மருத்துவர் கடிதத்தோடு. கிளினிக்கில் தரும் சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்று கேளுங்கள். அது அதிகமாக உள்ள மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆஸ்துமாக்காரர்களின் பம்பும் உள்சட்டைப் பையில்.

காப்புறுதி எடுத்தாச்சு. சறுக்கும்போது அடிபட்டா அதுல வந்துடும்தானே?

பெரும்பாலான அடிப்படைப் பயணக் காப்புறுதிகளில் வராது. குளிர்கால விளையாட்டு என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறதா, மலையிலிருந்து இறக்கும் செலவும் ஊருக்குக் கொண்டுவரும் செலவும் உண்டா, முன்பே உள்ள நோயை விலக்கியிருக்கிறதா ஆகிய மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். முந்தின பதிலில் சொன்ன அப்பாவுக்கு மூன்றாவது வரிதான் முக்கியம். குறித்த சரிவுக்கு வெளியே போனால் காப்பில்லை என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும்.

பின்னால வந்தவன் என் மகளை இடிச்சுட்டு, அவ குறுக்க வந்தான்னு சொல்றான். யார் தப்பு?

பின்னால், அதாவது மேலேயிருந்து வருபவர்தான் பொறுப்பு. உலகப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் பத்து விதிகளில் முன்னால் போகிறவருக்கே வழி. ஆனால் நின்றிருந்து புறப்படுபவர் மேலும் கீழும் பார்த்த பிறகே நகர வேண்டும். குறுகலான இடத்திலும் மேலிருந்து தெரியாத வளைவிலும் நிற்கக்கூடாது. குடும்பமே நடுச்சரிவில் நின்று படம் எடுப்பது இந்த விதியில்தான் மாட்டும். மோதல் நடந்தால் இரு பக்கமும் பெயர் கொடுத்தே ஆக வேண்டும். அடிபட்டவருக்கு மேலே இரண்டு பலகையைக் குறுக்காக ஊன்றிவிட்டு ரோந்துப் பணியாளரைக் கூப்பிடுங்கள். ஊருக்குள் என்றால் ஆம்புலன்ஸ் எண் 119.

கயிறு கட்டின இடத்துக்கு அந்தப் பக்கம் பனி பஞ்சு மாதிரி கிடக்கு. வெள்ளைக்காரங்க போறாங்களே?

அவர்கள் போவது கயிற்றுக்கு அடியில் அல்ல, வாயில் வழியாக. நிசெக்கோவில் பனிச்சரிவு அபாயம் பார்த்து வாயில்களைத் திறப்பார்கள், மூடுவார்கள். போகிறவர்களிடம் மண்வாரியும், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவியும் இருக்கும். கயிறு தாண்டினால் லிஃப்ட் டிக்கெட் பறிபோகும். வெளியே தேடி மீட்கும் செலவும் உங்கள் தலையில்.

கோர்பு கேள்வியில் சொன்ன உலர்ந்த பனிக்கு இன்னொரு முகம் இங்கே இருக்கிறது. ஊசியிலை மரத்தின் கிளைகளுக்கு அடியில், தண்டைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. பனிச்சரிவில் புதைந்தவருக்கோ, கால் மணி நேரம் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு சரசரவென்று குறையும். முதல் பயணத்தில் கயிறு என்றால் சுவர்.

பாட்டி சறுக்க மாட்டாங்க. நாள் பூரா அறையில என்ன செய்வாங்க?

கேபிள் கார் உள்ள மலையில் நடப்பவர்களுக்கான டிக்கெட் தனியாக விற்பார்கள். மேலே உணவகத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகள் இறங்குவதைப் பார்க்கலாம். வெந்நீர் ஊற்றுக் குளியலான ஒன்செனும் உண்டு. ஆடை இல்லாமல்தான் இறங்க வேண்டும், ஆண் பெண் தனித்தனி. பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் விட மாட்டார்கள், பழைய கால பச்சையானாலும். குடும்பத்துக்கென்று தனித் தொட்டி வாடகைக்குக் கிடைக்கும் விடுதிகளைத் தேடினால் இரண்டு சங்கடமும் தீரும்.

கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாமா? அங்கயும் இடது பக்கம்தானே?

இடது பக்கம்தான். சாலைப் போக்குவரத்துத் துறை தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வேண்டும். ஆனால் உறைந்த சாலையில் பிரேக் அழுத்தினால் குளிர்காலச் சக்கரம் இருந்தும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். பனிப்புயலில் முன்னால் போகும் வண்டியின் விளக்கே தெரியாது. பேருந்தில் போங்கள்.

மகன் கேக்கறான்: ஒரு பாட்டில் பனி எடுத்துட்டு வரலாமா?

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது, பனியும் உருகித் திரவம்தான். அடிப்பெட்டியில் இறுக மூடி வைக்கலாம். ஒரு லிட்டர் பாட்டில் நிறைய அந்த மாவுப் பனியை அடைத்தால் சுங்கை சிப்புட்டில் திறக்கும்போது அரைக் குவளைத் தண்ணீர்கூட இருக்காது. அழுத்தி அடைக்கச் சொல்லுங்கள்.